முந்நூறு சொல் புத்தகத்துக்கு இருபது நிமிட நயவுரையா?

ஓகஸ்ட் 2, மாலை. கல்லடி வாசகி கேட்டது:

என்னைப் போலவே சிறுவர்க்கு எழுதுகிற சிநேகிதி ஒருவரின் படநூல் ஒக்டோபரில் மட்டக்களப்பில் வெளியாகுது. 32 பக்கம், எல்லாம் சேர்த்து முந்நூறு சொல் வரும். படம் வேறொருவர் வரைந்தது. என்னை நயவுரை சொல்லக் கேட்டிருக்காங்க, நிரலில் 20 நிமிடம் போட்டிருக்கு. முழுப் புத்தகத்தையும் ஆறுதலாக வாசித்தாலே ஆறு நிமிடம்தான். மிச்சத்துக்கு என்னத்தைச் சொல்ற? அவவைக் கொண்டாடத்தான் வேணும், அதில் ரெண்டு பேச்சில்லை. ஆனா மொத்தம் ஒன்பது உரை இருக்கு, பிள்ளைகளும் வருவாங்களாம். அண்ணாமார், அக்காமார் வழி சொல்லுங்க.

ஓகஸ்ட் 2, இரவு

தங்கச்சி, அந்த ஆறு நிமிடம்தான் விழா. மற்றதெல்லாம் அதுக்கு முன்னும் பின்னும் ஒதுங்கி நிற்கட்டும்.

நம்மட பக்கத்து வெளியீட்டு நிரல் எல்லாருக்கும் மனப்பாடம். மங்கல விளக்கேற்றல், மௌன இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. கவிதைத் தொகுதிக்கும் இதுதான், ஆய்வு நூலுக்கும் இதுதான், நாலு வயதுப் பிள்ளையின் புத்தகத்துக்கும் இதுதான். இவ்வளவு நேரத்தில் புத்தகத்தை யாராவது திறக்கிறார்களா என்று பாருங்க. ரிப்பன் கட்டித் தட்டில் வந்து, கைமாறி, படம் பிடிக்கப்பட்டு, மூடினபடியே வீட்டுக்குப் போகும்.

உங்களுக்குத் தந்த 20 நிமிடத்தை இப்படிப் பிரியுங்க: வாசிப்பு 6 அல்லது 7, அதன்பின் பிள்ளைகள் பேச 5, பெரியவர்களுக்கு நீங்கள் சொல்வது 5. மிச்சம் வந்தால் மிச்சமாகவே இருக்கட்டும். வாசிப்பை நிரலின் கடைசியில் விடவேண்டாம். விளக்கேற்றி முடிந்த கையோடு வாசியுங்க. பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு பிள்ளைகளின் கவனம் கதிரைக் காலில்தான்.

வாசிக்கிற முறை: கதிரையில் இருந்து, புத்தகத்தை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பிடியுங்க. நடு மடிப்பைக் கீழிருந்து உள்ளங்கையால் தாங்கினால் இரண்டு பக்கமும் தட்டையாக நிற்கும். அட்டையைக் காட்டுங்க, உள்ளட்டையைக் காட்டுங்க, எழுதியவர் பெயர், வரைந்தவர் பெயர் இரண்டையும் சொல்லுங்க. ஒவ்வொரு விரிப்பிலும் (திறந்தால் எதிரெதிரே தெரிகிற இரண்டு பக்கம்) சொல்லை வாசித்து முடித்த பிறகு ஐந்து ஆறு செக்கன் பேசாமல் இருங்க. அந்த நேரத்தில்தான் பிள்ளை படத்தை வாசிக்கும். ஒரு விரிப்பிலும் நிற்காமல் விறுவிறு என்று புரட்டுவதுதான் பெரியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு.

முடிந்ததும் "இந்தக் கதையில இருந்து என்ன படிச்சீங்க?" என்று மட்டும் கேட்கவேண்டாம். கேட்டால் "பொய் சொல்லக் கூடாது" என்று ஒரே குரலில் பதில் வரும், கதையில் பொய்யே இல்லாவிட்டாலும். "எந்தப் பக்கத்தை மறுபடி பார்க்கணும்?" என்று கேளுங்க.

ஓகஸ்ட் 3

விட்டுப்போனது ஒன்று: மைக். கைமைக் தந்தால் ஒரு கைதான் மிஞ்சும், பக்கம் புரட்ட ஏலாது. சட்டையில் குத்துகிற மைக் இல்லாவிட்டால் தாங்கியில் நிறுத்தின மைக் வேணும் என்று முதல் நாளே சவுண்ட்காரரிடம் சொல்லி வையுங்க.

வெளிச்சமும் அப்படித்தான். உள்பக்கம் பளபளப்பான ஆர்ட் தாள் என்றால் ஜன்னல் வெளிச்சம் விழுந்து படம் வெள்ளையடிக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பிள்ளைகளை இருத்தவேண்டாம். வாசிப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டவும் வேண்டாம், படம் இருட்டாகும். ஜன்னல் இரு தரப்புக்கும் பக்கவாட்டில் வருகிற மாதிரி இருங்க, புத்தகத்தைக் கொஞ்சம் முன்பக்கம் சரியுங்க.

ஓகஸ்ட் 5

"சிறப்புப் பிரதியை எடுத்துவிட்டால் அச்சகக் காசை யார் கட்டுவது?" என்று களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மேடையேறிச் சிறப்புப் பிரதி வாங்குபவர் தருகிற காசுக் கவர்தான் நம்மட எழுத்தாளர்களின் அச்சுச் செலவு. அதைப் பழிப்பது லேசு, மாற்று சொல்வதுதான் பாடு. நாலு நிறப் படநூலில் அச்சுத் தட்டுச் செலவும் தாள் செலவும் கவிதைப் புத்தகத்தைவிடப் பலமடங்கு, ஆனால் பெற்றோர் கொடுக்க விரும்புகிற விலையோ குறைவு.

அதனால் கவர் இருக்கட்டும், மேடையில் வரிசையாக நின்று வாங்குவது மட்டும் போகட்டும். ஒரு வழி: உதவுகிறவர் ஐந்து அல்லது பத்துப் பிரதிக்குக் காசு தருகிறார், அந்தப் பிரதிகள் அவர் சொல்கிற முன்பள்ளிக்கோ தரம் 1, 2 வகுப்புக்கோ போகும். உள்ளட்டையில் ஒரு சின்ன ஒட்டி: "இந்தப் பிரதி இன்னாரின் அன்பளிப்பு." இருபது பேர் ஆளுக்கு ஐந்து என்றால் நூறு பிரதி. 300 அடித்தால் மூன்றில் ஒரு பங்கு முதல் நாளே பிள்ளைகள் கையில். அவர்களின் பெயர்களை நன்றியுரையில் ஒரே மூச்சில் வாசிக்கலாம். மேடையில் ஒவ்வொருவரையும் அழைத்தால் ஆளுக்கு ஒரு நிமிடம், இருபது பேருக்கு இருபது நிமிடம், கூடவே போட்டோக்காரர் "சேர் இஞ்சால பாருங்க" என்கிற நேரம்.

முன்பள்ளியைக் கொடுப்பவரே தெரிவு செய்தால் எல்லாம் நகரத்துக்குள்ளேயே விழும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்து முன்பள்ளிகளின் பட்டியல் ஒன்றைப் பிரதேச செயலகத்தில் முன்பள்ளிகளுக்குப் பொறுப்பானவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, "இதில் ஒன்றைத் தெரியுங்க" என்று நீட்டுவது நல்லது.

ஓகஸ்ட் 6

கல்முனைக் காக்கா (முஸ்லிம் வழக்கில் அண்ணன்) ஒருவர் எழுதியது: "முதற்பிரதியைப் பிள்ளைக்குக் குடுங்க என்று எல்லாரும் சொல்றாங்க. கடைசியில் பிரதம அதிதியிட பேரப்புள்ளதான் மேடையில் நிக்கும்."

சிரிப்பு வந்தாலும் உண்மை. பிள்ளைக்குக் கொடுப்பதும் ஒரு காட்சியாகத்தான் முடியும், அந்தப் பிள்ளைக்கு அது பயம். எழுதியவர் முதற்பிரதியை வரைந்தவருக்குக் கொடுக்கலாமே. முந்நூறு சொல் எழுத எடுத்த நாளைவிடப் பதினாலு விரிப்பு வரைய எடுத்த நாள் கூட. அழைப்பிதழிலும் பதாகையிலும் வரைந்தவர் பெயர் எழுதியவர் பெயரின் அதே அளவில் வரவேணும். "ஓவியம்: இன்னார்" என்று இரண்டாம் பக்கத்தில் எட்டுப் புள்ளி எழுத்தில் ஒளித்துவைப்பது இப்பவும் நடக்குது. மேடையில் கதிரை போடுகிறீர்கள் என்றால் முதல் கதிரை இரண்டும் அவர்களுக்கு.

ஓகஸ்ட் 9

அந்த ஐந்து நிமிட நயவுரையில் என்ன சொல்லலாம் என்று தங்கச்சி திரும்பவும் கேட்டிருக்கிறா.

கதையைச் சுருக்கிச் சொல்லவேண்டாம், இப்போதுதான் எல்லாரும் கேட்டார்கள். "எளிய நடை", "சிறுவர் உள்ளத்தைக் கவரும்" இரண்டும் வேண்டாம், எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டும். படநூலைப் பற்றிப் பேச வேறு இடங்கள் உண்டு.

ஒன்று, படம் சொல்லாததைச் சொல் சொல்கிறதா, சொல் சொல்லாததைப் படம் சொல்கிறதா. "அம்மா வரக் காணோம்" என்று வரி இருக்க, படத்தில் வேலிக்கு அங்கால் அம்மாவின் சீலைத் தலைப்பு தெரிந்தால், பிள்ளைக்குக் கதாபாத்திரத்தைவிடக் கூடத் தெரிந்துவிடுகிறது. சின்னதுகள் கத்துவது அங்கேதான். சொல்லும் படமும் ஒன்றையே சொன்னால் இரண்டில் ஒன்று வீண்.

இரண்டு, பக்கம் புரட்டுகிற இடம். வலப்பக்கத்தின் கடைசி வரி கேள்வியை விட்டுச்செல்கிறதா? 32 பக்கத்தில் முதல் மூன்றைத் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் சமர்ப்பணத்துக்கும் விட்டால் மிஞ்சுவது 14 விரிப்பும் ஒரு தனிப்பக்கமும். அந்தத் தனிப்பக்கத்தில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்க. நல்ல எழுத்தாளர் சிரிப்பை அங்கே வைப்பார், போதனையை வைக்கமாட்டார்.

மூன்று, இடம். இதில்தான் நாம் பேச உரிமை கூட. கல்லடிக் கரையில் சூரியன் கடலுக்குள் இறங்குகிற படம் வந்தால் அது மட்டக்களப்பு இல்லை. நமக்குக் கடல் கிழக்கு. சூரியன் எழும்புவது கடலில், படுவது வாவிக்கு அப்பால். பெரும்போக வயல் மார்கழியில் பச்சை, மாசியில்தான் மஞ்சள். மழைவெள்ளமும் கதிர் விளைந்த வயலும் ஒரே விரிப்பில் இருந்தால் விவசாயி வீட்டுப் பிள்ளை கண்டுபிடிக்கும். வகுப்பறைப் படம் என்றால் கடல்பக்க எழுவான்கரையில் எத்தனை விதமான பள்ளிச் சீருடை இருக்கிறது என்று யோசியுங்க. காத்தான்குடிப் பிள்ளையும் கல்முனைப் பிள்ளையும் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் தன்னைப் போல ஒருவரை எங்கேயாவது காணுமா?

பிழை கண்டால் மேடையில் சொல்லவேண்டாம். மறுபதிப்புக்கு எழுதிக் கொடுங்க. கொண்டாட்டம் கொண்டாட்டமாகவே இருக்கட்டும்.

ஓகஸ்ட் 10

பொன்னாடை பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒன்பது பேர் ஒன்பது பொன்னாடை போர்த்துகிற காசுக்கு முன்பள்ளிக்கு ஒரு புத்தக அடுக்கு வாங்கலாம். ஒக்டோபர் புழுக்கத்தில் எழுத்தாளரும் அவிய மாட்டார்.

ஓகஸ்ட் 14. கல்லடி வாசகி:

அண்ணா, இன்னொரு விஷயம். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகல்ல. புரூப் பிடிஎஃப் வந்திருக்கு, என்னையும் பார்க்கச் சொன்னா. என்ன பார்க்கணும்?

ஓகஸ்ட் 14, இரவு

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நயவுரைக் கதையை ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் பேசியிருப்பேன். நூறு வாழ்த்துரையைவிட ஒரு புரூப் வாசிப்பு அவவுக்கு உதவி.

முதலில் முன்பக்கங்கள். ஆசியுரை, அணிந்துரை, வாழ்த்துரை என்று பாஸ்போட் படத்தோடு ஆட்கள் இருக்கிறார்களா? கவிதைத் தொகுதியில் எட்டுப் பக்கம் கூட்டலாம். படநூலில் பக்கம் நாலு நாலாகத்தான் கூடும், இல்லாவிட்டால் கதை குறையும். நாலு ஆசியுரை என்றால் இரண்டு விரிப்புக் கதை போச்சு. வாழ்த்தை விழா மலராக ஒரு தனித் தாளில் அடித்துப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுங்க, யாருக்கும் மனத்தாங்கல் வராது.

எழுத்து: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி யுனிகோட்டுக்கு மாற்றினார்களா என்று கேளுங்க. மாற்றும்போது மேற்கோள் குறிகளும் சில கூட்டெழுத்துகளும் குழம்பும். யுனிகோட்டை நேரே வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் திறக்காதவரைக்கும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "கொக்கு" என்ற சொல்லைத் தேடிப் பாருங்க, அது சரியென்றால் பெரும்பாலும் மற்றதும் சரி. சொற்பிரிப்பை நிறுத்தச் சொல்லுங்க. "பட்-டம்" என்று வரி உடைந்தால் தரம் 1 பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அளவு 18 இலிருந்து 24 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை மடங்கு. நமக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே சுழியும் இருக்கு, நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். இருட்டுப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து வந்தால் தடித்த எழுத்தாக்கச் சொல்லுங்க, நாலு நிறம் கொஞ்சம் விலகினாலும் மெல்லிய கோடு அடைபடும்.

படம்: ஏ4 புத்தகத்தின் ஒரு விரிப்பு 420 × 297 மில்லிமீற்றர். வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூட்டி, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் ஏறத்தாழ 5030 × 3580 பிக்சல் வேணும். வரைந்தவர் படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தால் அது சுருங்கிவிட்டது, ஆவணமாகவோ டிரைவிலோ திரும்ப எடுக்கச் சொல்லுங்க. டெப்லெட்டில் வரைந்த ஆர்ஜிபி (திரை) நிறத்தில் வாவி பச்சைநீலமாக மின்னும். அச்சு மையின் சிஎம்வைகேக்கு மாறினதும் மங்கும். கணினியில் பார்த்து ஓம் சொல்லவேண்டாம், ஒரு விரிப்பாவது அதே தாளில் அடித்துப் பார்க்கவேணும்.

நடு மடிப்பில் முகம், கை, தோணி முனை எதுவும் விழக்கூடாது. அங்கே எழுத்து விழுந்தால் பேசவே வேண்டாம்.

ஓகஸ்ட் 15. அக்கரைப்பற்றில் இருந்து அச்சகத்தில் வேலை செய்கிற ஒருவர்:

அண்ணன் சொன்னதோட இதையும் சேருங்க. நடுவில் கம்பி தைக்கிற புத்தகத்தில் 16–17 விரிப்பு மட்டும்தான் ஒரே தாள். மற்ற விரிப்பெல்லாம் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் இன்னொரு தாள். மில்லிமீற்றர் கணக்கில் ஏறி இறங்கும், நிறமும் கொஞ்சம் மாறும். குறுக்கே ஓடுகிற நேர்க்கோடு, வேலி, அடிவானம் இதெல்லாம் அங்கே உடையும். மிகப் பெரிய படத்தை 16–17இல் வையுங்க.

32 பக்கம் என்றால் எட்டுத் தாள் மடித்து ஒன்றுக்குள் ஒன்று. 130 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) தாளில் உள்தாள் வெளியே தள்ளி நிற்கும், வெட்டும்போது நடுப்பக்கம் ஒரு மில்லிமீற்றர் அளவு ஒடுங்கும். ஓரத்தில் இருந்து 10 மில்லிமீற்றருக்குள் எழுத்து வைக்காதீங்க. தாளின் நார் முதுகுக்கு நேராக ஓடணும், குறுக்காக ஓடினால் புத்தகம் விரிந்து நிற்காது, மடிப்பும் வெடிக்கும். அட்டை 250 அல்லது 300 ஜிஎஸ்எம். லமினேட் ஒரு பக்கம் மட்டும் போட்டால் மழைக்காலத்தில் சுருளும், கெட்டித் தாள் எடுத்தால் குறையும்.

கம்பி பற்றி யாரும் கேட்பதில்லை. நம்மட உப்புக் காற்றுக்கு மலிவுக் கம்பி ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிச்சு நடுப்பக்கத்தைக் கறையாக்கும். துத்தநாகப் பூச்சுக் கம்பியா என்று கேளுங்க. முனை உள்பக்கம் நன்றாக மடிந்திருக்கா என்று விரலால் தடவிப் பாருங்க, சின்னக் கை படுகிற இடம்.

ஓகஸ்ட் 15, இரவு

தம்பிக்கு நன்றி. பசை முதுகு பற்றி ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார், "பார்க்கப் புத்தகம் மாதிரி இருக்கும்" என்று. 32 பக்கத்துக்கு முதுகு மூன்று மில்லிமீற்றர் கூட வராது. பிள்ளை விரித்து அமுக்கும், பசை விடும், பக்கம் பக்கமாகக் கழரும். கம்பியே போதும்.

ஓகஸ்ட் 16

சதுரமா, நெட்டையா, குறுக்கா என்ற கேள்விக்கு: டிஜிட்டலில் 100, 200 பிரதி அடிப்பவர்கள் எஸ்ஆர்ஏ3 தாளை நினைவில் வையுங்க, 450 × 320 மில்லிமீற்றர். நெட்டை ஏ4 விரிப்பு அதற்குள் வெட்டோடு அடங்கும். குறுக்கு ஏ4 விரிப்பு 594 மில்லிமீற்றர், அடங்காது, நடுக்கம்பி தைக்க வழியில்லை. 210 மில்லிமீற்றர் சதுரம் அடங்கும், ஆனால் தாளில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுத் துண்டாகப் போகும், அந்தத் துண்டுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள்.

ஓஃப்செட் என்றால் 300க்கும் 1000க்கும் தட்டுச் செலவு ஒன்றுதான். அதனால் ஆயிரம் அடித்தால் ஒரு பிரதி மலிவு என்று கணக்கு இழுக்கும். எழுநூறு பிரதி எந்த அறையில் இருக்கப்போகுது என்பதையும் கணக்கில் போடுங்க. ஐப்பசி கார்த்திகை மழையில் சீமெந்து நிலத்தில் வைத்த பெட்டியில் ஆர்ட் தாள் ஒன்றோடொன்று ஒட்டும், பிரித்தால் படம் உரியும். பலகைக்கு மேல், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி.

வெட்டுத் துண்டு பற்றிச் சொன்னதைக் கொஞ்சம் மாற்றுகிறேன்: அந்தத் துண்டைப் புத்தக அடையாளமாக அடிக்கலாம். சதுரத்துக்கு ஆசைப்படுபவர்கள் முழுக்க மனம் தளரவேண்டாம்.

ஓகஸ்ட் 17. அக்கரைப்பற்றுத் தம்பி:

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்குத் தருகிற சர்வதேச இலக்கம்) சரியா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கு. 13 இலக்கத்தையும் மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டுங்க. பத்தால் மிச்சமில்லாமல் பிரிந்தால் சரி. ஒரு இலக்கம் தவறினாலும் பிடிபடும். பட்டைக்கோடு வந்த பிறகு கண்டால் அட்டை முழுக்கத் திரும்ப அடிக்கணும்.

ஓகஸ்ட் 17, இரவு

ஐஎஸ்பிஎன் கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருவது. நம்மட இலக்கம் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். விண்ணப்பத்தில் வரைந்தவரின் பெயரையும் கொடுங்க. மின்னூலும் விடுவது என்றால் அதற்கு வேறு இலக்கம். கடைசி நேரத்துக்கு விடவேண்டாம். இலக்கம் வராமல் பின்னட்டை முடியாது, பின்னட்டை முடியாமல் அட்டை அடிக்க ஏலாது.

ஓகஸ்ட் 21

நாளும் நேரமும். "காலை 9.00 மணி" என்று போட்டுப் பத்தரைக்குத் தொடங்குவது பெரியவர்களுக்குப் பழகிப்போச்சு. பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டாம்.

சனி முழுக்க ரியூஷன். ஞாயிறு காலை இந்துப் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஆராதனையும் மறைக்கல்வியும். வெள்ளி மத்தியானம் ஜும்ஆ, மற்ற நாள் பின்னேரம் பல இடங்களில் குர்ஆன் மத்ரசா. ஞாயிறு பின்னேரம் 3.30 என்பதுதான் ஓரளவுக்கு எல்லாருக்கும் ஒத்துவரும். ஆனா ஒக்டோபர் பின்னேரத்தில் இடிமழை வரக் கூடியது, திறந்த வெளி, தகரக் கொட்டில் இரண்டும் வேண்டாம். தகரத்தில் மழை விழுந்தால் மைக் வைத்தும் பயனில்லை. போயா (பௌர்ணமி விடுமுறை) தினக் காலை நல்ல மாற்று, பள்ளி இல்லை, பல ரியூஷனும் இல்லை.

ஒக்டோபர் 1 சிறுவர் தினம், அந்த மாதம் முழுக்கத் தேசிய வாசிப்பு மாதம். பொது நூலகங்கள் அப்போது நிகழ்ச்சி தேடிக்கொண்டிருக்கும், மண்டபம் இலவசமாகக் கிடைக்க வாய்ப்பு கூட. ஒக்டோபர் முதலாம் திகதியிலேயே வைக்கவேண்டாம், அன்றைக்குப் பிள்ளைகளை எல்லாரும் மேடையேற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஓகஸ்ட் 23. முன்பள்ளி ரீச்சர் ஒருவர், செட்டிபாளையம்:

60 பிள்ளைகள் வந்தா ஒரு புத்தகத்தைக் காட்டி எப்படி வாசிக்கிற? திரையில் போட்டா என்ன?

ஓகஸ்ட் 23, இரவு

ரீச்சர், 60 பேருக்கு மூன்று வாசிப்பவர், மூன்று மூலை, மூன்று பிரதி. ஒரு வட்டத்தில் 20, கூடினால் 25. ஏ4 படத்தில் உள்ள சின்ன விவரம் மூன்று மீற்றருக்கு அப்பால் தெரியாது, அதனால் பாயில், அரைவட்டமாக, மூன்று வரிசைக்குள். மூன்று வாசிப்பவரும் முதல் நாள் ஒருமுறை சேர்ந்து வாசித்துப் பார்த்தால் ஒரே நேரத்தில் முடியும். கடைசிப் பக்கத்தை ஒரு மூலை முதலே கத்திவிட்டால் மற்ற இரண்டு மூலைக்கும் கதை போச்சு.

திரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பகல் மண்டபத்தில் திரை வெளிறும், யன்னலை மூட வேர்க்கும். போடுவதானால் பிடிஎஃப்பை விரிப்பு விரிப்பாக எடுங்க. தனிப்பக்கமாகப் போட்டால் புரட்டுகிற இடம் எல்லாம் தப்பும். இன்னொரு வழி, ஒவ்வொரு விரிப்பையும் ஏ2 அளவில் அடித்து மட்டையில் ஒட்டி, பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாக உருவிக் காட்டுவது. பின்பக்கத்தில் அந்த விரிப்பின் சொல்லை ஒட்டிவைத்தால் பார்த்தே வாசிக்கலாம். முதல் மட்டையின் சொல் கடைசி மட்டையின் முதுகில் வரவேணும், இரண்டாவதின் சொல் முதலாவதின் முதுகில். உருவினதைப் பின்னால் செருகச் செருகச் சரியாக வரும்.

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு முந்நூறு சொல்லும் வேண்டாம், ஒரு விரிப்புக்கு ஒரு வரி. அப்படி வெட்டி வாசிப்பதற்கு எழுதியவர் கோபிக்கக் கூடாது.

செப்டெம்பர் 1

பேஸ்புக் கொண்டாட்டம். வாழ்த்துப் பதிவு போடும் சிநேகிதர்களுக்கு: அட்டையும் உள்ளே இருந்து ஒரே ஒரு விரிப்பும் போதும். பதினாலு விரிப்பையும் படம் பிடித்துப் போட்டால் அது இலவசமாக வெளியிட்டுவிட்டது போலத்தான், கடைசிப் பக்கத்தின் சிரிப்பும் போச்சு. முழுக்க வாசித்து வீடியோ போடுவதானால் எழுதியவர், வரைந்தவர் இருவரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்க. பதிவில் இருக்கவேண்டியது: தலைப்பு, இரண்டு பெயரும், எந்த வயது, பக்கம், விலை, எங்கே வாங்கலாம். ஒரு பிள்ளை எந்தப் பக்கத்தில் கத்தினது என்று ஒரு வரி. "வாழ்த்துகள் தோழி, மென்மேலும் வளர்க" என்பதை வாசித்து ஒருவரும் புத்தகக் கடைக்குப் போவதில்லை.

செப்டெம்பர் 4

நூலகங்களுக்கு: பொது நூலகத்துக்குக் கொடுக்கும்போது சிறுவர் பகுதிக்கு என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்க, இல்லாவிட்டால் உள்ளூர் எழுத்தாளர் அலுமாரியில் பூட்டப்படும். இரண்டு பிரதி கொடுங்க, ஒன்று கிழியும். 2005 முதல் இயங்குகிற "நூலகம்" என்ற இணைய நூலகத் திட்டத்துக்கும் ஒரு பிரதி போகட்டும், முழுப் புத்தகத்தைத் திறந்துவிடுவதா என்பதை எழுதியவரும் வரைந்தவரும் முடிவு செய்யட்டும். பாடசாலைகளுக்குக் கொடுப்பதை அதிபரிடம் கொடுத்துவிட்டு வராமல் தரம் 1 ஆசிரியையின் கையில் கொடுங்க. அதிபர் அறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிற சிறுவர் புத்தகங்கள் என்றைக்கும் புதிதாகவே இருக்கும்.

செப்டெம்பர் 7. கல்லடி வாசகி:

புரூப்பில் நடு மடிப்பில் விழுந்த ரெண்டு முகத்தையும் நகர்த்தியாச்சு. ஆசியுரை நாலும் தனித்தாளுக்குப் போச்சு, ஒருவர் மட்டும் கொஞ்சம் முகம் சுழித்தார். புது நிரல்: 3.30 விளக்கும் ஒரு நிமிட மௌனமும், 3.35 வரவேற்பு, 3.40 மூன்று மூலை வாசிப்பு, 3.50 பிள்ளைகள் பேச்சு, 4.00 எழுதியவர் வரைந்தவருக்கு முதற்பிரதி, 4.05 நயவுரை, 4.10 வரைந்தவர் ஒரு பக்கத்தைப் பிள்ளைகளுக்கு முன்னால் வரைந்து காட்டுற, 4.25 ஏற்புரை, நன்றி. பார்த்துச் சொல்லுங்க.

செப்டெம்பர் 7, இரவு

நல்ல நிரல். வரைந்து காட்டுவதை நயவுரைக்கு முன்னால் எடுங்க, பிள்ளைகள் 50 நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டார்கள். அவர்கள் வெளியே வடையும் ஜூஸும் எடுக்கப் போன பிறகு பெரியவர்களுக்கு நயவுரை. வரைய வெள்ளைப் பலகை வேண்டாம், எழுதுகோல் மினுங்கும். பெரிய வெள்ளைத் தாளும் கரியும் போதும்.

வடைக் கையோடு புத்தக மேசைக்கு வருவார்கள். இரண்டு பார்வைப் பிரதியை வெளியே வையுங்க, அது எண்ணெய் படட்டும், விற்பனைப் பிரதி மேசைக்கு உள்பக்கம். கையொப்பம் இடுவதற்கு ஜெல் பேனை வேண்டாம், ஆர்ட் தாளில் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், போல்பொயின்ட் கொடுங்க. பிள்ளையின் பெயரை முதலில் ஒரு துண்டுத்தாளில் பெற்றோரை எழுதச் சொல்லுங்க, ஷா, ஸா, ஜா குழப்பம் வராது. விலை 650 என்றால் எல்லாரும் ஆயிரம் நோட்டைத்தான் நீட்டுவார்கள். நூறு ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டு வெள்ளிக்கிழமையே வங்கியில் மாற்றி வையுங்க.